கொடுத்துவைத்தவர்... கொடுத்தது யார்?

ஐந்து டோனி விருதுகள், ஓர் ஆஸ்கர், ‘சர்’ பட்டம். ஆங்கில மேடையை அறுபது ஆண்டுகள் ஆண்ட டாம் ஸ்டாப்பார்ட் பற்றி பிபிசி எடுத்த ஆவணப்படத்தை, அவர் மறைவுக்குப் பிறகு பார்க்கும்போது வேறொரு கதை தெரிகிறது.

1998. செக் குடியரசு. அறுபதைத் தாண்டிய ஒருவர் தான் பிறந்த மண்ணைத் தேடி வந்திருக்கிறார். கலைந்த தலைமுடி, அசல் இங்கிலாந்துக்காரரின் உச்சரிப்பு. தாய்மொழியாக இருந்திருக்க வேண்டிய செக் மொழியில் அவரால் உரையாட முடியாது.

எதிரில் வயதான பெண்மணி ஒருவர். பேச்சுவாக்கில் தன் கையை நீட்டிக் காட்டுகிறார். சிறுமியாக இருந்தபோது கண்ணாடியில் கையைக் கிழித்துக்கொண்டாராம். தையல் போட்டவர் பாட்டா ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்த டாக்டர்தான் வந்தவரின் அப்பா. அப்பாவின் முகம் மகனுக்கு ஞாபகத்தில் இல்லை. நான்கரை வயதில் பிரிந்தது. கல்லறையும் கிடையாது, ‘இது அப்பாவுடையது’ என்று எடுத்துவைத்த பொருளும் கிடையாது. அப்பாவின் விரல்கள் செய்த வேலை இந்த உலகத்தில் எங்காவது மிச்சமிருக்கிறது என்றால், அது யாரோ ஒருவர் கையில் ஒரு கோடாக இருக்கிறது. மகன் விரலை நீட்டி அந்தக் கோட்டைத் தொட்டார். எதிர்பாராமல் துக்கம் வந்து பிடித்துக்கொண்டதை மறுவருடம் ஒரு கட்டுரையில் அவரே எழுதினார்.

அவர் டாம் ஸ்டாப்பார்ட். ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’ படத்தின் திரைக்கதைக்காக 1999-ல் ஆஸ்கர் வாங்கியவர். மேடையில் அவர் தொட்டதெல்லாம் துலங்கியது. பேட்டி எடுக்க வந்தவர்களிடம் தன் வாழ்க்கையைப் பற்றி அவர் பல வருடங்களாகச் சொல்லிவந்ததும் அதைத்தான். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், ‘நான் கொடுத்துவைத்தவன்’.

பிபிசியின் ‘இமேஜின்’ வரிசையில் 2021-ல் வந்த ஆவணப்படத்துக்கும் அதையே தலைப்பாக வைத்தார்கள்: ‘டாம் ஸ்டாப்பார்ட்: எ சார்ம்டு லைஃப்’. தலைப்பைக் கேட்டால் பாராட்டு விழா மலர்போலத் தோன்றும். படமோ வேறு திசையில் போகிறது. அதன் நடுவில் இருப்பது அவர் மேடைக்கு எழுதிய கடைசி நாடகம், ‘லியோபோல்ட்ஸ்டாட்’. அந்த நாடகத்துக்குள் இருப்பது, அவர் பாதி வாழ்க்கைக்கு மேல் தெரியாமலேயே சுமந்த குடும்பக் கதை.

இருவரும் இல்லாத உரையாடல்

படத்தில் ஸ்டாப்பார்ட்டுடன் பேசுபவர் ஆலன் யென்டோப். பிபிசியின் கலை நிகழ்ச்சிகளுக்குப் பல்லாண்டு முகமாக இருந்தவர். 2003-ல் தொடங்கிய ‘இமேஜின்’ வரிசையை நடத்தியவரும் அவரே. 2025 மே மாதம் யென்டோப் காலமானார். அதே ஆண்டு நவம்பர் 29 அன்று ஸ்டாப்பார்ட்டும் மறைந்தார். வயது 88. கேள்வி கேட்டவரும் பதில் சொன்னவரும் ஆறே மாத இடைவெளியில் போய்விட்டார்கள். மறைந்த ஒரு கலைஞனை நினைவுகூரும் வாரங்களில் பழைய படங்களைத் தேடிப் பார்ப்பது எல்லா ஊர் ரசிகர்களின் வழக்கம். இந்தப் படம் மறுபடி பேசப்படுவதற்கு அது ஒரு காரணம். ஆனால், அது மட்டும் இல்லை.

நாடகாசிரியரைப் படம் பிடிப்பது எளிதான வேலை இல்லை. பாடகரைக் காட்டினால் பாட்டு இருக்கும். ஓவியரைக் காட்டினால் சுவரில் ஓவியம் இருக்கும். நாடகாசிரியர் மேஜைமுன் உட்கார்ந்து எழுதுவதைக் கேமரா எவ்வளவு நேரம் காட்ட முடியும்? அவருடைய கலை நடிகர்களின் வாயிலும் உடம்பிலும் இருக்கிறது. அதுவும் அன்றிரவு திரை விழுந்தால் முடிந்தது. ஸ்டாப்பார்ட் விஷயத்தில் இன்னொரு சிக்கல். மனிதர் பேச்சில் மன்னன். எந்தக் கேள்வியையும் ஒரு சிலேடையால், ஒரு சிரிப்பால் திருப்பி அனுப்பிவிடுவார். கேமரா முன்னால் எழுபதுகளிலிருந்தே அவர் நன்றாகப் பேசுபவர். நன்றாகப் பேசுகிறவர்களிடம் உள்விஷயத்தைப் பெறுவதுதான் கடினம்.

‘லியோபோல்ட்ஸ்டாட்’ அந்தக் கவசத்தைக் கொஞ்சம் விலக்கியது. படம் அந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே நுழைகிறது.

---
டாம் ஸ்டாப்பார்ட்: ஒரு பார்வை

▪ இயற்பெயர்: தோமாஷ் ஸ்ட்ராய்ஸ்லர்
▪ பிறப்பு: 1937 ஜூலை 3, ஸ்லின், செக்கோஸ்லோவாக்கியா
▪ சிறுவயது: சிங்கப்பூர், டார்ஜிலிங், பிறகு இங்கிலாந்து
▪ முதல் வேலை: 17 வயதில் பிரிஸ்டல் நகரப் பத்திரிகையில் நிருபர். கல்லூரிப் படிப்பு இல்லை
▪ திரைக்கதைப் பங்களிப்பு: ‘பிரேசில்’, ‘எம்பயர் ஆஃப் தி சன்’, ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’
▪ இயக்கிய படம்: தன் முதல் வெற்றி நாடகத்தையே 1990-ல் படமாக்கினார். வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம்
▪ ‘சர்’ பட்டம்: 1997. ஆர்டர் ஆஃப் மெரிட்: 2000
▪ மறைவு: 2025 நவம்பர் 29
---

செருப்புக் கம்பெனி காப்பாற்றிய குடும்பம்

பாட்டா என்றால் நமக்குப் பள்ளி திறக்கும் ஜூன் மாதம், கறுப்பு ஷூ, பைசாவில் முடியும் விலை. பலர் அதை இந்தியக் கம்பெனி என்றே நினைத்திருப்பார்கள். அதன் சொந்த ஊர் ஸ்லின். தொழிற்சாலை, ஊழியர் குடியிருப்பு, ஆஸ்பத்திரி என்று ஊரே கம்பெனியைச் சுற்றி வளர்ந்தது. அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் யூஜென் ஸ்ட்ராய்ஸ்லர். மனைவி மார்த்தா. இரண்டு பையன்கள். இளையவன் தோமாஷ்.

1939 மார்ச்சில் ஹிட்லரின் படை செக் மண்ணுக்குள் நுழைந்தது. கம்பெனி தன் யூத ஊழியர்கள் பலரை வெளிநாட்டுக் கிளைகளுக்கு மாற்றியது. இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது சிங்கப்பூர்.

மூன்று ஆண்டுகள் போகவில்லை. ஜப்பானியப் படை சிங்கப்பூரை நெருங்கியது. பெண்களையும் குழந்தைகளையும் கப்பலில் ஏற்றினார்கள். டாக்டர் அங்கேயே தங்கினார். பிறகு கிளம்பிய அவருடைய கப்பல் ஜப்பானியக் குண்டுவீச்சில் சிக்கியது. அப்பா கடலில் இறந்தார் என்பதே ஸ்டாப்பார்ட்டுக்கு மிகத் தாமதமாகத்தான் தெரியவந்தது. ஜப்பானியர் முகாமில் இறந்தார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

அம்மாவும் பையன்களும் ஏறிய கப்பல் ஆஸ்திரேலியாவுக்குப் போகும் என்று நினைத்தார்கள். வந்துசேர்ந்தது இந்தியா. சில ஊர்கள் மாறி, டார்ஜிலிங்கில் நிலைத்தார்கள். அங்கே பாட்டா கடையை மார்த்தா நிர்வகித்தார். பையன்கள் அமெரிக்க மிஷனரிகள் நடத்திய மவுன்ட் ஹெர்மன் பள்ளியில் படித்தார்கள். தோமாஷ், டாம் ஆனது இங்கேதான். செக் மொழி நழுவி, ஆங்கிலம் வந்து உட்கார்ந்ததும் இந்த மலையில்தான்.

1945-ல் மார்த்தா, இந்தியாவில் பணியாற்றிய கென்னத் ஸ்டாப்பார்ட் என்ற பிரிட்டிஷ் மேஜரை மறுமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. எட்டு வயதுப் பையனுக்குப் புதுப் பெயர், புது நாடு, புது அப்பா. அவன் அந்த மூன்றையும் முழுமனதோடு ஏற்றுக்கொண்டான். கிரிக்கெட் மட்டையையும் சேர்த்து.

அதே பிப்ரவரி, அதே சிங்கப்பூர்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. இந்தத் தேதி தமிழர் வீடுகளுக்கும் அந்நியமானது இல்லை. மலாயா ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த தமிழர்களை, அதே ஜப்பானிய ஆட்சி சயாம்-பர்மா ரயில் பாதை போட இழுத்துப் போனது. காட்டுக் காய்ச்சலிலும் பசியிலும் அடியிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். சயாம் மரண ரயில் என்று மலேசியத் தமிழர்கள் இன்றும் சொல்வது அதைத்தான். கல்லறை இல்லாத அப்பாக்கள் அங்கேயும் உண்டு.

இதை இங்கே சொல்வது கண்ணீரை ஒப்பிட இல்லை. ஒரே வட்டாரம், ஒரே போர். ஒரு குடும்பத்துக்குக் கப்பல் கிடைத்தது. இன்னொன்றுக்குக் கிடைக்கவில்லை. கப்பல் கிடைத்த குடும்பத்திலேயே அப்பாவுக்குக் கிடைத்த கப்பல் கரை சேரவில்லை. ‘கொடுத்துவைத்தவர்’ என்ற சொல்லை இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும்.

பூவா தலையா

தொழில் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிஸ்டலில் நிருபர், நாடக விமர்சகர். பிறகு லண்டன். 1966-ல் எடின்பரோ ஃப்ரிஞ்ச் விழாவில் மாணவர் குழு ஒன்று அவருடைய ‘ரோசன்கிரான்ட்ஸ் அண்ட் கில்டன்ஸ்டெர்ன் ஆர் டெட்’ நாடகத்தைப் போட்டது. ‘அப்சர்வர்’ பத்திரிகையின் விமர்சகர் அதைப் புகழ்ந்து எழுதினார். அந்த விமர்சனம் லண்டன் தேசிய நாடக அரங்கின் கண்ணில் பட்டது. 1967 ஏப்ரலில் அந்த அரங்கமே நாடகத்தை மேடையேற்றியது. ஆசிரியருக்கு வயது 29. அதே ஆண்டு நியூயார்க்கின் பிராட்வே, மறு ஆண்டு டோனி விருது.

நாடகம் ‘ஹாம்லெட்’டின் இரண்டு துணைப் பாத்திரங்களைப் பற்றியது. ஆரம்பமே ஒரு காசு சுண்டும் காட்சி. பூவா தலையா? தலை. மறுபடியும் தலை. எண்ணிக்கை தொண்ணூறைத் தாண்டிப் போகிறது, தலையைத் தவிர வேறொன்றும் விழுவதில்லை. யாரோ கூப்பிட்டு அனுப்பியதால் வந்திருக்கிறார்கள். யார், எதற்கு, எங்கே என்று அந்த இருவருக்கும் தெரியாது. கடைசியில் கப்பலேற்றிச் சாவுக்கு அனுப்பப்படுகிறார்கள்.

1967-ல் இதைப் பார்த்தவர்கள் அறிவு விளையாட்டாக ரசித்தார்கள். எழுதியவருக்கும் அப்படித்தான். இன்று அவர் கதை தெரிந்து பார்ப்பவருக்கு வேறு ஒன்று தட்டுப்படும். காரணம் சொல்லாமல் கப்பலேற்றப்பட்ட குழந்தை எழுதிய நாடகம் இது. எப்போது சுண்டினாலும் தனக்குத் தலையே விழுகிறது என்ற வியப்பும் அதில் இருக்கிறது.

---
ஐந்து டோனி

சிறந்த நாடகத்துக்கான டோனி விருதை ஐந்து முறை பெற்ற ஒரே நாடகாசிரியர்:

▪ 1968: ரோசன்கிரான்ட்ஸ் அண்ட் கில்டன்ஸ்டெர்ன் ஆர் டெட்
▪ 1976: டிராவஸ்டீஸ்
▪ 1984: தி ரியல் திங்
▪ 2007: தி கோஸ்ட் ஆஃப் யுடோப்பியா
▪ 2023: லியோபோல்ட்ஸ்டாட்

முதல் விருதுக்கும் கடைசி விருதுக்கும் இடையே 55 ஆண்டுகள்.
---

மூளை உண்டு, மனசு?

புகழ் வந்த வேகத்திலேயே ஒரு குற்றச்சாட்டும் வந்தது. ‘மூளை இருக்கிறது, மனசு எங்கே?’ தத்துவம், கணிதம், இயற்பியல், இலக்கியப் புதிர் எல்லாம் மேடையில் கரணம் போடுகின்றன. ஆனால், எழுதுகிறவர் தன்னை எங்கேயும் காட்டுவதில்லை என்றார்கள். 1982-ல் வந்த ‘தி ரியல் திங்’ காதலையும் துரோகத்தையும் எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு பதில் சொன்னது. அதில்கூட எல்லோருக்கும் நினைவில் நிற்பது ஒரு கிரிக்கெட் மட்டைதான். பார்வைக்கு வெறும் கட்டை. ஆனால், பந்து சரியான இடத்தில் பட்டால் தானாகப் பறக்கும்படி பல துண்டு மரங்களைச் சேர்த்துச் செய்த பண்டம். நல்ல எழுத்தும் அப்படித்தான் என்று நாயகன் வாதாடுவான்.

1993-ல் ‘ஆர்கேடியா’. ஒரே வீடு, இரண்டு நூற்றாண்டுகள். பழைய காகிதங்களைப் புரட்டி, இறந்தவர்களின் வாழ்க்கையை ஊகிக்கும் ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் எங்கே தப்பாக ஊகிக்கிறார்கள் என்பது நமக்கு மட்டும் தெரியும். பலரும் அவருடைய தலைசிறந்த படைப்பு என்று சொல்லும் நாடகம் இது.

நம் நாடும் அவர் மேடைக்கு வந்தது. 1991-ல் வானொலிக்கு எழுதிய நாடகம், 1995-ல் ‘இண்டியன் இங்க்’ என்று மேடையேறியது. 1930-ல் ஒரு சமஸ்தானத்துக்கு வரும் ஆங்கிலப் பெண் கவிஞர், அவரைப் படம் வரையும் இந்திய ஓவியர். நாயகியாக நடித்த ஃபெலிசிட்டி கெண்டல், இந்தியா முழுக்க ஷேக்ஸ்பியர் நாடகம் போட்ட குடும்பத்தில் வளர்ந்தவர். நடிகர் சசி கபூரின் மைத்துனி. டார்ஜிலிங் பையனின் இந்தியக் கடன் இப்படித் தீர்ந்தது. அதைவிடப் பெரிய கடன் ஒன்று இருப்பது அவருக்கே தெரிய வந்ததும் இந்தக் காலத்தில்தான்.

ஒரு மதிய உணவு, ஒரு காகிதம்

1990களின் தொடக்கம். லண்டன் தேசிய நாடக அரங்கின் உணவகம். அம்மா வழி உறவுக்காரப் பெண் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறார். ஸ்டாப்பார்ட் பேச்சோடு பேச்சாகக் கேட்கிறார்: நாம் எந்த அளவுக்கு யூதர்கள்? ஏதோ ஒரு தாத்தா வழியில் கொஞ்சம் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். வந்தவர் காகிதத்தை எடுத்துக் குடும்ப மரத்தை வரைந்து காட்டினார். பாதி இல்லை, கால் இல்லை. முழுவதும் யூதர். இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகள் நால்வரும் நாஜிகளின் பிடியில் மாண்டார்கள். அம்மாவின் சகோதரிகளில் மூவரும் போனார்கள்.

அவருக்கு அப்போது வயது ஐம்பத்தைந்துக்கு மேல். ஐந்து டோனிகளில் மூன்றை அதற்குள் வாங்கியாயிற்று.

அம்மா ஏன் சொல்லவில்லை? பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. பேசவில்லை, அவ்வளவுதான். புது நாட்டில், புதுக் கணவருடன், பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள். பழைய கதவைத் திறந்தால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். மூடியே வைத்தார். போர் பார்த்த வீடுகளில் இந்த மௌனம் சகஜம். பிள்ளைகள் கேட்பதும் இல்லை. கேட்டால் அம்மா வருத்தப்படுவாள் என்று அவர்களுக்கும் தெரியும். இரண்டு பக்கமும் அன்பினால் காத்த மௌனம். மார்த்தா 1996-ல் இறந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கசப்பு. சோவியத் யூதர்களுக்காக டாம் குரல் கொடுத்ததெல்லாம் மாற்றாந்தந்தையின் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மனைவி போனபின், ‘ஸ்டாப்பார்ட்’ என்ற தன் பெயரை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று அவர் எழுதிக் கேட்டார். அந்தப் பெயரில்தான் உலகம் டாமை அறிந்திருந்தது. அது நடக்கிற காரியம் இல்லை என்று பதில் போனது. பெயரைக் கொடுத்தவரே திருப்பிக் கேட்டார்! கொடுத்துவைத்தவர் என்ற சொல்லில் விழுந்த முதல் கீறல் இது.

நாடகம் கேட்ட கேள்வி

கட்டுரை எழுதினார், பிறந்த ஊருக்குப் போனார், தழும்பைத் தொட்டார். நாடகம் மட்டும் வரவில்லை. இருபது ஆண்டுகள் ஆயின. இடையில் குரோஷிய எழுத்தாளர் தாஷா திர்ந்திச்சின் ‘டிரியஸ்ட்’ நாவலை அவர் படித்தார். சொந்த வரலாற்றைக் கேட்காமல் இருந்துவிட்டவர்களைச் சாடும் அந்த நாவலில், ஸ்டாப்பார்ட்டின் பெயரும் இருந்தது. அந்தக் கண்டிப்பு நியாயம் என்று அவருக்குப் பட்டது. நாவலில் வாங்கிய அடிக்கு அவர் கொடுத்த பதில்தான் ‘லியோபோல்ட்ஸ்டாட்’.

வியன்னா நகரின் பழைய யூதர் பகுதியின் பெயர் அது. நாடகத்தில் வரும் மெர்ஸ் குடும்பம் அங்கே வசிக்கவில்லை. அங்கிருந்து மேலேறிப் பணக்காரத் தெருவுக்கு வந்துவிட்டவர்கள். தலைப்பிலேயே குத்தல் இருக்கிறது: நீங்கள் அந்தத் தெருவைவிட்டு வந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். முதல் காட்சி 1899. வீட்டில் கிறிஸ்துமஸ் மரம். குழந்தை ஒன்று அதன் உச்சியில் தாவீதின் நட்சத்திரத்தைக் கொண்டுபோய் வைக்கிறது. பெரியவர்கள் சிரிக்கிறார்கள். ஐம்பத்தாறு ஆண்டுகள் ஓடுகின்றன. மேடை நிறைய இருந்த குடும்பத்தில், 1955-ல் நடக்கும் கடைசிக் காட்சியில் மூன்றே பேர்.

மூவரில் ஒருவன் லியோ. எட்டு வயதில் இங்கிலாந்து போய், மாற்றாந்தந்தையின் பெயரோடு ஆங்கிலேயனாக வளர்ந்த இளம் எழுத்தாளன். நல்ல பிள்ளை, கலகலப்பானவன், ஒன்றும் தெரியாதவன். நாஜி முகாமில் உயிர் பிழைத்த உறவினன் அவனைப் பார்த்துக் கொதிக்கிறான். லியோவின் கையில் ஒரு தழும்பு. சிறுவயதில் கோப்பை உடைந்து கிழித்தது. தையல் போட்டவர் குடும்பத்து டாக்டர். அதைச் சொல்லும்போதுதான் அவனுக்கு ஞாபகம் திரும்புகிறது. உடைகிறான்.

ஸ்லின் பெண்மணியின் கையிலிருந்த கோடு இருபது ஆண்டு கழித்து மேடையில் இன்னொரு கைக்கு மாறியிருக்கிறது. உண்மையில் மகன் தொட்டது அடுத்தவர் தழும்பை. நாடகத்தில் அந்தத் தழும்பைத் தன்னுடையதாகவே எழுதிக்கொண்டார். அறுபது வருட மேடை வாழ்க்கையில் தன்னைக் காட்டாதவர், கடைசியில் காட்டியபோது பாராட்டுக்காகக் காட்டவில்லை. லியோவை நாயகனாக்கவில்லை, குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். குடும்ப மரத்தின் காகிதம் மேடைக்கு வருகிறது. ஒவ்வொரு பெயராகப் படிக்கப்படுகிறது, அவர்கள் எங்கே மாண்டார்கள் என்ற விவரத்தோடு. விளக்கு அணைகிறது.

2020 பிப்ரவரியில் லண்டனில் அரங்கேறியது. பேட்ரிக் மார்பர் இயக்கம். ஸ்டாப்பார்ட்டின் மகன் எட் அதில் நடித்தார். அடுத்த மாதமே கொரோனாவால் அரங்கங்கள் மூடின. 2021 ஆகஸ்டில் மறுபடி திறந்தது. யென்டோபின் படம் வந்ததும் அந்த ஆண்டே. 2022-ல் பிராட்வே. 2023-ல் நான்கு டோனிகள். ஆசிரியருக்கு வயது 85.

இரண்டு குறைகள்

எல்லோரும் கைதட்டவில்லை. ஸ்டாப்பார்ட்டின் குடும்பம் வியன்னாவின் பணக்காரக் குடும்பம் இல்லை. செருப்புக் கம்பெனி ஊரின் டாக்டர் வீடு. சொந்தக் கதையைச் சொல்ல வந்தவர் ஏன் ஃப்ராய்டும் கிளிம்ட்டும் உலவும் பளபளப்பான ஊரைத் தேடிப்போனார்? ஒப்புக்கொள்வதிலும் அவருக்கு ஒரு முகமூடி தேவைப்பட்டதா? நியாயமான கேள்விதான். முகமூடி இல்லாமல் பேசத் தெரிந்தவர் நாடகம் எழுதியிருக்க மாட்டார் என்பது என் பதில்.

இரண்டாவது குறை ஆவணப்படங்களைப் பற்றியது. வாழ்க்கை என்ற சாவியை வைத்து எல்லா நாடகத்தையும் திறக்கப் பார்ப்பது இந்த வகைப் படங்களின் பழக்கம். ‘ஆர்கேடியா’வின் கணிதமும் ‘டிராவஸ்டீஸ்’ நாடகத்தின் குறும்பும் யூதத் தாத்தாக்களால் வந்தவை இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு நாடகத்தைப் படிக்காதவர், சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போகாதவர்.

---
சின்னத்திரையில் நாடகாசிரியர்கள்

▪ டென்னிஸ் பாட்டர், 1994: புற்றுநோயில் இறந்துகொண்டிருந்த பாட்டர், வலிக்கு மார்ஃபின் திரவத்தைக் குடித்துக்கொண்டே மெல்வின் பிராக்கிடம் பேசினார். பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பியது. இரண்டு மாதத்தில் மறைந்தார்.
▪ டோனி குஷ்னர், 2006: ஃப்ரீடா லீ மாக் எடுத்த ‘ரெஸ்லிங் வித் ஏஞ்சல்ஸ்’. இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிந்தைய மூன்று ஆண்டுகள் குஷ்னரைத் தொடர்ந்தது. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 2007-ல் வந்தது.
▪ ஆகஸ்ட் வில்சன், 2015: பத்து நாடகங்களில் கறுப்பின அமெரிக்கர்களின் ஒரு நூற்றாண்டை எழுதியவர் பற்றி, அவர் மறைந்து பத்தாண்டு கழித்து வந்த படம்.
▪ ஆர்தர் மில்லர், 2018: மகள் ரெபெக்கா மில்லரே எடுத்த படம். எச்பிஓ வெளியிட்டது.
---

கேமரா எதைக் காப்பாற்றுகிறது?

மேடை நாடகத்தைப் படம் பிடித்துக் காட்டுவது இப்போது சாதாரணம். ‘லியோபோல்ட்ஸ்டாட்’ 2022 ஜனவரியில் தேசிய நாடக அரங்கின் நேரலை வரிசையில் திரையரங்குகளுக்கு வந்தது. ஆகவே, நாடகத்தைக் காப்பாற்ற ஆவணப்படம் தேவையில்லை. புத்தகமும் இருக்கிறது. வாழ்க்கை வரலாறு வேண்டுமென்றால் ஹெர்மியோன் லீ 2020-ல் எழுதிய தடித்த நூல் இருக்கிறது.

பிறகு தொலைக்காட்சி எதைத் தருகிறது? ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு மனிதர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைத் தருகிறது. வார்த்தைக்குப் பஞ்சமே இல்லாத ஒருவர் எந்த இடத்தில் மெதுவாகிறார் என்பதைப் புத்தகம் காட்டாது. பேச்சில் மன்னனான ஸ்டாப்பார்ட்டுக்கு இது இன்னும் பொருந்தும்.

இப்படிப்பட்ட படங்களுக்குக் காலம் குறைந்துவருகிறது என்பதும் உண்மை. பிரிட்டனின் ஐடிவியில் 1978-ல் தொடங்கிய ‘சவுத் பேங்க் ஷோ’ 2010-ல் அந்தச் சேனலில் நிறுத்தப்பட்டு, பிறகு கட்டணச் சேனலுக்குப் போனது. ஒரு நாடகாசிரியரை ஒரு மணி நேரம் பேசவிட்டுப் பார்ப்பது, போட்டி நிகழ்ச்சிகளின் காலத்தில் ஆடம்பரம்போல ஆகிவிட்டது. எழுத்தாளர்கள் உயிரோடு இருக்கும்போது எடுக்கத் தயங்குவதும், போனபிறகு பழைய துணுக்குகளைத் தேடி அலைவதும் எல்லா நாட்டுச் சேனல்களுக்கும் பொது. யென்டோபும் ஸ்டாப்பார்ட்டும் 2021-ல் உட்கார்ந்து பேசவில்லை என்றால், 2025-க்குப் பிறகு பேசியிருக்க வழியே இல்லை.

கொடுத்தது யார்?

நம் மொழியில் ‘கொடுத்துவைத்தவர்’ என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. போன பிறவியில் கொடுத்துவைத்ததை இந்தப் பிறவியில் வாங்கிக்கொள்கிறார் என்பது பொருள். கொடுத்தவரும் வாங்குபவரும் ஒருவரே. ஸ்டாப்பார்ட் கதையில் அந்தக் கணக்கு உதைக்கிறது. கொடுத்தவர்கள் வேறு. ஒரு டாக்டர் மனைவியையும் பிள்ளைகளையும் கப்பலேற்றிவிட்டுத் தான் தங்கினார். ஒரு தாய் தன் நினைவுகளைப் பூட்டிவைத்து, பிள்ளைகளுக்குப் பாரமில்லாத பால்யத்தைக் கொடுத்தார். கப்பலே கிடைக்காத தாத்தா பாட்டிகளுக்கு எடுத்துவைக்க ஒன்றும் இருக்கவில்லை. வாங்கியவர் மட்டும் இவர். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் ரசீது கைக்கு வந்தது. எண்பதை ஒட்டி உட்கார்ந்து கணக்கு எழுதினார்.

தாமதம்தான். அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதை மறைக்காமல் மேடையில் வைத்தது அவருடைய நேர்மை. அந்த மனிதரைக் கேமரா முன் உட்காரவைத்தது இந்தப் படத்தின் பெருமை.

நம் வீடுகளிலும் பேசாத பாட்டிகள் இருக்கிறார்கள். பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள், மலாயாவில் அப்பாவைத் தொலைத்தவர்கள், ஈழத்திலிருந்து படகேறியவர்கள். அவர்களைப் பற்றி எந்தச் சேனலும் படம் எடுக்கப்போவதில்லை. உங்கள் கையிலிருக்கும் செல்போனில் ஒரு மணி நேரம் பதிவுசெய்ய இடம் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, கையில் அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று கேளுங்கள்.